பாடம் காதை அடைத்தல் ஆகாது

பிற இனத்தாரின் பழக்கவழக்கங்களைக் கற்றுவிட்டால் வைத்தியருக்குப் பாரபட்சம் நேராது என்று நாம் எண்ணுவதுண்டு. அது முற்றும் சரியன்று.

1998ஆம் ஆண்டில் மெலனி டெர்வலன், ஜான் மரி-கார்சியா என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் எழுதிய கட்டுரையொன்றில் ஒரு நிகழ்ச்சி காணப்படுகிறது. லத்தீன் அமெரிக்க வழிவந்த மாது ஒருவர் சத்திரசிகிச்சை முடிந்து சில மணி நேரத்தில் முனகிக்கொண்டிருந்தார். அவருக்கு வேதனை மிகுதிபோலும் என்றார், அதே வழிவந்த வைத்தியர் ஒருவர். தாதியோ அதனை ஏற்றிலர். அவ்வினத்தார் நோவை மிகைப்படுத்துவர் என்பதைத் தாம் பயிற்சிக் காலத்திலேயே கற்றிருப்பதாகக் கூறினார். பாரபட்சத்தைப் போக்க வந்த பாடமே அதற்குத் துணையாயிற்று!

ஆகவே அவ்விருவரும் ‘பண்பாட்டுப் பணிவு’ வேண்டுமென வலியுறுத்தினர். தம் உள்ளத்தில் ஊறிய எண்ணங்களை வாழ்நாள் முழுதும் தாமே சோதித்துக்கொள்வதும், நோயாளர் கூறுவதற்குச் செவிசாய்ப்பதும் அதன் இலக்கணமாம்.

வைத்தியம் பயில விரும்பும் மாணவர்களே! நூல்கள் ஓர் இனத்தாரைப் பற்றிப் பொதுவாகக் கூறும். கட்டிலிற் கிடப்பவரின் நோவை அவரிடமே கேட்டறிக. அவர் சொல்லை நம்ப நும் மனம் தயங்குமாயின், அத்தயக்கம் எங்கிருந்து வந்ததென முதலில் ஆராய்க.