ஓய்வு வந்த பின் வரும் அழுகை



இரண்டு மாதங்களுக்கு முன் ஓர் ஆசிரியை என்னிடம் வந்தார். அவரது சம்மதத்துடன், அடையாளங்களைத் தவிர்த்து எழுதுகிறேன். 1995இல் ஷெல் வீச்சில் கணவரை இழந்தவர். அப்போது மூன்று பிள்ளைகள்; கடைசி கைக்குழந்தை. இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கொட்டில் வகுப்புகளில் படிப்பித்து, மூவரையும் ஆளாக்கினார். கடைசி மகளும் திருமணமாகி வெளிநாடு போய்விட்டாள். அவரும் 60 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார்.

"இப்பவும் விடிய நாலரைக்கு எழும்பிவிடுவன் பிள்ளை. தலை இழுத்து, சீலை உடுத்து, விறாந்தையில வந்து இருப்பன். போறதுக்கு இடமில்லை. பென்சன் வருது. பிள்ளையள் நல்லா இருக்கினம். சந்தோஷமா இருக்க வேண்டியதுதானே? ஏன் எனக்கு அழுகை வருது? அவர் செத்த நேரம்கூட நான் இப்படி அழேல்லை" என்றார்.

அவர் கடைசியாகச் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. அன்று அழ அவருக்கு நேரம் இருக்கவில்லை. மூன்று வயிறுகளுக்குச் சோறு தேட வேண்டியிருந்தது. துக்கத்தை ஒரு மூலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். மூலையில் வைத்தது அழிந்துபோகவில்லை. அவருக்கு எப்போது நேரம் வரும் என்று காத்திருந்தது. இப்போது நேரம் வந்திருக்கிறது.

ஆழ்மன உளவியல் சொல்வதும் இதைத்தான். நாம் ஒதுக்கி வைத்தவை நனவிலி மனதில் உயிரோடு இருக்கின்றன. துக்கம் மட்டுமல்ல, நிறைவேறாத ஆசைகளும், பழகாமல் விட்ட திறமைகளும் அங்கேதான் இருக்கின்றன.

மட்டக்களப்பில் கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விடியவிடிய அரசனாக ஆடியவர், விடிந்ததும் முடியையும் உடுப்பையும் கழற்றி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார். சுவிற்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ள் யுங் (1875–1961), நாம் ஊருக்குக் காட்டும் முகத்துக்கு 'பேர்சோனா' என்று பெயர் வைத்தார். பழங்கால நாடகக்காரர் அணிந்த முகமூடியின் பெயர் அது. முகமூடி பொய்யல்ல, அது இல்லாமல் உத்தியோகம் பார்க்க முடியாது. ஆனால் முப்பது வருடம் கழற்றாமல் இருந்தால் அதுவே நம் முகம் என்று நாமே நம்பிவிடுவோம். 'ரீச்சர்', 'தனிய நிண்டு குடும்பத்தைத் தூக்கினவ' என்ற முடிகள் ஒரே வருடத்தில் இறங்கினால் தலை வெறுமையாகத்தான் இருக்கும்.

யுங்கும் இந்த வெறுமையை அனுபவித்தவர். 1913இல், தன் வழிகாட்டியாக இருந்த சிக்மண்ட் பிராய்டுடன் அவரது உறவு முறிந்தது. பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவியையும் விட்டார். மனம் தடுமாறியது. சிறு வயதில் கல் அடுக்கி வீடு கட்டி விளையாடியது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தபோதிலும், ஏரிக்கரையில் கல் பொறுக்கிக் குட்டிக் கிராமம் ஒன்று கட்டத் தொடங்கினார். கனவுகளைக் கொப்பிகளில் எழுதினார். அதேநேரம் நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. குடும்பமும் வேலையுமே தன்னை நிலத்தில் பிடித்து வைத்திருந்தன என்று பிற்காலத்தில் சொன்னார். 1955இல் மனைவி எம்மா இறந்த பிறகு, 80 வயதில், தன் கல்வீட்டுக்கு மேல்மாடி கட்டினார்.

அவருக்குப் பணம் இருந்தது, வீடு இருந்தது. எங்களில் பலருக்குப் பென்சனும் இல்லை. சாகும்வரை கூலி வேலைதான். உண்மை. ஆனால் கல் பொறுக்கக் காசு தேவையில்லை. பிள்ளைகள் பிரிந்து போவதும், மீள்குடியேறிய ஊரில் பழைய அயல் இல்லாமல் போவதும், உடம்பு தளர்ந்து தையல் மெஷினை மூடி வைப்பதும் ஓய்வு பெறுவது போன்ற மாற்றங்களே.

காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மாருக்கும் மனைவியருக்கும் ஒரு வார்த்தை. தேடலைக் கழற்றி வைக்கும்படி சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அது வேடமல்ல. தேடிக்கொண்டே உங்களுக்கென்று ஒரு சிறு நேரம் ஒதுக்குவது அவருக்குச் செய்யும் துரோகமும் அல்ல.

இனி, வீட்டில் செய்யக்கூடியவை:

1. ஒரு கொப்பி எடுங்கள். ஒரு பக்கத்தில் 'நான் சுமந்தவை', மறுபக்கத்தில் 'நான் ஒதுக்கி வைத்தவை' என்று எழுதுங்கள். எழுத வராவிட்டால் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள்.

2. கனவு கண்டால் எழும்பியவுடன் குறித்துக்கொள்ளுங்கள். கனவுப் பலன் தேட வேண்டாம். 'அதில் எனக்கு என்ன உணர்வு வந்தது?' என்று மட்டும் கேளுங்கள்.

3. கைக்கு ஒரு வேலை கொடுங்கள். விற்பதற்காக அல்ல, சிறு வயதில் உங்களுக்குப் பிடித்திருந்ததற்காக. கோலம், பூங்கன்று, பாட்டு, எதுவும் ஆகலாம்.

4. பழையதைப் பேச வெட்கப்பட வேண்டாம். வயது போகும்போது கடந்த வாழ்வை மீட்டுப் பார்ப்பது மூளைத் தளர்ச்சியல்ல, இயல்பான மனவேலை என்று அமெரிக்க மருத்துவர் றொபேர்ட் பட்லர் 1963இலேயே எழுதினார்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பழைய சம்பவங்கள் இப்போது நடப்பதுபோலக் கண்முன் வந்தால், நித்திரையும் சாப்பாடும் வாரக்கணக்கில் குழம்பினால், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், தனியே கொப்பியோடு இருக்க வேண்டாம். அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். உதவி கேட்பது பலவீனமல்ல.

அந்த ஆசிரியை சென்ற கிழமை மீண்டும் வந்தார். கொப்பியின் 'ஒதுக்கி வைத்தவை' பக்கத்தில் இரண்டே வரிகள். முதலாவது: 'அவருக்காக அழுதது.' இரண்டாவது: 'அம்மாவோடு இருந்து ஓலைப் பெட்டி இழைத்தது.'

அழுகை இன்னும் நிற்கவில்லை. இப்போதும் நாலரைக்கு எழும்புகிறார். விறாந்தையில் இருந்து அழுகிறார். அழுது முடிந்ததும் முகம் கழுவிவிட்டு ஓலை வாருகிறாராம். "முதல் பெட்டி கோணிப் போச்சு பிள்ளை" என்று சொல்லிச் சிரித்தார்.

சகோதரிகளே, உங்கள் கொப்பியில் அந்த இரண்டாவது பக்கத்தின் முதல் வரி என்னவாக இருக்கும்?