கடலிலும் உண்டு கேள்விச்செல்வம்

பண்பாடு மனித இனத்திற்கே உரிய தனிச்சொத்து என்று நாம் நெடுங்காலம் எண்ணி வந்தோம். ஏனைய உயிர்கள் பிறவிக் குணத்தால் மட்டுமே இயங்குவன என்பது நம் முடிவு. கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பாட்டு அம்முடிவை மாற்றிவிட்டது.

இவ்வினத்தில் ஆண்களே பாடுகின்றன. சில ஒலிகள் கூடித் தொடராகவும், தொடர்கள் ஒழுங்குற அமைந்து நீண்ட பாட்டாகவும் உருப்பெறுகின்றன. 1971ஆம் ஆண்டில் ரோஜர் பெய்ன், ஸ்காட் மக்வே ஆகிய இருவரும் இவ்வமைப்பை ஆய்வுலகிற்கு விளக்கினர். ஒரு கடற்பகுதியில் வாழ்வன யாவும் ஏறத்தாழ ஒரே பாட்டைப் பாடுகின்றன. அது சிறிது சிறிதாக மாறுங்கால், யாவும் ஒன்றுபோல் மாற்றிக் கொள்கின்றன. குருதிவழி மட்டுமே வந்ததாயின் பாட்டு இத்துணை விரைவில் மாறுமா? கேட்டுக் கற்பதனாலன்றோ மாறுகின்றது!

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் நிகழ்ந்தது இதனினும் வியப்புக்குரியது. 1996இல் அங்கே ஆராயப்பெற்ற 82 பாடகர்களுள் இரண்டு மட்டும் முற்றிலும் வேறான பாட்டைப் பாடின. அது மேற்குக் கரைத் திமிங்கிலங்களின் பாட்டு. 1998இல் கிழக்குக் கரையில் பழைய பாட்டே இல்லை. புதியதே எங்கும் ஒலித்தது. பின்னர், 1998 முதல் 2008 வரையிலான ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தோர், கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து பிரெஞ்சு பாலினேசியா வரை பாட்டுகள் அலையலையாகப் பரவியதைக் கண்டனர். எண்ணிக்கையில் சிறியோர் பாடியதைப் பெரும்பான்மை செவிமடுத்தது. அதனால் பாட்டு புதுமை பெற்றது.

ஆயின், கேட்பதற்கு அமைதி வேண்டும். கற்பிக்க இனத்தார் வேண்டும். நம் அரபிக்கடலிலும் இவ்வினத்தின் ஒரு கூட்டம் வாழ்கிறது. வேற்றுக்கடல்களுக்குச் செல்லாத அக்கூட்டத்தில் ஓமன் கரையோரம் எஞ்சியிருப்பவை நூற்றுக்கும் குறைவு என மதிப்பிட்டுள்ளனர். மீன்வலைகள் அவற்றின் உயிரை அச்சுறுத்துகின்றன. கப்பல்களின் இரைச்சலோ அவற்றின் செவியை மறைக்கின்றது.

ஆதலின், எத்தனை திமிங்கிலங்கள் எஞ்சின என்று எண்ணுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஒன்றன் பாட்டு மற்றொன்றின் செவியைச் சென்றடைகிறதா என்றும் நாம் கேட்டாக வேண்டும். அவை வாழும் பகுதிகளில் கப்பல்களின் வேகத்தைக் குறைத்தலும், வழித்தடத்தைச் சற்றே விலக்குதலும் இயலாத செயல்கள் அல்ல. ஏட்டில் எழுதப்பெறாத பாட்டு, பாடுவோர் மறைந்தால் மீளாது. கேள்வியால் வளர்ந்த கல்வியின் அருமையை அறிந்த நாம், கடலின் கேள்விச்செல்வம் அழியப் பார்த்திருத்தல் தகுமோ?