வளையம் அழுத்தும் உம்மாவைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு



வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த என் தம்பி, தன் பிள்ளைகளுக்கென்று ஒரு வீடியோ கேம் கருவியைக் கொண்டுவந்தான். பிள்ளைகள் இரண்டே வாரங்களில் அதைக் கைவிட்டனர். கைவிடாதவர் எங்கள் உம்மா. வயது 58. நீண்ட நாள் சர்க்கரை நோய், முழங்கால் வலி. தொழுகையை நாற்காலிக்கு மாற்றிக்கொண்டு 2 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அஸர் தொழுதபின் கதவைத் தாழிட்டுவிட்டு, தொலைக்காட்சியின் முன் நின்று, கையில் ஒரு வளையத்தை அழுத்தியும் இழுத்தும் உம்மா பயிற்சி செய்வது எப்படியோ உறவினர் காதுகளுக்கு எட்டியது. "பேரன் பேத்தி எடுத்த வயதில் விளையாட்டா?" என்று ஒருவர் சிரித்தார். "வீண்விரயம்" என்றார் மற்றொருவர். "ஐவேளைத் தொழுகையே போதிய உடற்பயிற்சிதானே?" என்றார் மூன்றாமவர். இம்மூவருக்கும், இவர்களைப் போல் எண்ணுவோர்க்கும் மறுமொழி கூறவே இதை எழுதுகிறேன்.

முதலில், இவர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதை அறிய வேண்டும். நிண்டெண்டோ நிறுவனம் 2019 அக்டோபரில் வெளியிட்ட 'ரிங் ஃபிட் அட்வெஞ்சர்' என்னும் ஆட்டம் இது. கையில் வளையம், இடது தொடையில் ஒரு பட்டை. உடலின் அசைவை இவ்விரண்டும் உணர்ந்து திரைக்கு அனுப்புகின்றன. நாம் நின்ற இடத்தில் ஓடினால்தான் திரையிலுள்ளவர் ஓடுவார். குந்தி எழுந்தால்தான், கைகளை உயர்த்தி வளையத்தை அழுத்தினால்தான், எதிரே நிற்கும் பூதம் வீழும். கடுமையை 1 முதல் 30 வரை நாமே வைத்துக்கொள்ளலாம். மாடி வீட்டில் குடியிருப்போர் கீழ்வீட்டாருக்குத் தொல்லையின்றி, ஓடுவதற்குப் பதில் முழங்காலை மடக்கி நிமிரவும் வழியுண்டு. முடிவில், திரைமுன் கழித்த நேரம் முழுவதையும் அது கணக்கில் கொள்வதில்லை. உடல் உழைத்த நேரத்தை மட்டுமே காட்டுகிறது. உட்கார்ந்தபடி கட்டைவிரலால் ஆடும் ஆட்டமன்று இது.

விளையாட்டா என்று கேட்டவருக்கு: ஆம், விளையாட்டுதான். அதில் இழிவென்ன? தொழுகை நேரத்தை விழுங்கும் விளையாட்டும், கடமைகளை மறக்கச் செய்யும் விளையாட்டும் கண்டிக்கத்தக்கவையே. பின்னணி இசை வேண்டாமென்பவர் ஒலியை அணைத்துவிடலாம். உம்மா அவ்வாறே செய்கிறார். எஞ்சி நிற்பது வியர்வை மட்டுமே. பலமுள்ள இறைநம்பிக்கையாளர் பலவீனமானவரைவிட இறைவனுக்கு உவப்பானவர் என்றும், எனினும் இருவரிடமும் நன்மை உண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் உரைத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அது ஆண்களுக்கு மட்டும் சொல்லப்பட்டதா?

வீண்விரயம் என்றவருக்கு: விலை உயர்ந்த பொருள்தான், மறுக்கவில்லை. எல்லோராலும் வாங்க இயலாது. வாங்க வேண்டிய தேவையுமில்லை. சுவரைப் பிடித்துக் குந்தி எழவும், நின்ற இடத்தில் நடக்கவும் காசு வேண்டியதில்லை. ஆனால், வலீமா விருந்துகளில் இலையோடு கொட்டப்படும் பிரியாணியைக் கண்டு ஒருபோதும் வாய் திறவாத நீங்கள், ஒரு பெண்ணின் உடல்நலத்துக்குச் செலவிட்டபோது மட்டும் கணக்கேட்டைத் திறப்பது ஏன்?

தொழுகையே போதும் என்றவருக்கு: தொழுகை இறைவனுக்கு நாம் ஆற்றும் வணக்கம். அதை உடற்பயிற்சியாகச் சுருக்குவது அதன் தகுதியைக் குறைப்பதாகும். மேலும், நம் பள்ளிவாசல்களில் சுவரோரமாகப் போடப்பட்டிருக்கும் நாற்காலிகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடிவருவதைக் கண்டதில்லையா? அவற்றில் அமர்ந்திருப்போரும் ஐவேளை தொழுபவர்களே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. வயது வந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சமையலறைக்கும் முற்றத்துக்கும் இடையே நடப்பதை உழைப்பெனக் காட்டி எத்தனை நாள் நம்மை ஏமாற்றிக்கொள்வோம்?

உம்மா மருத்துவரைக் கேட்டு, மிகக் குறைந்த கடுமையில், நாளுக்கு 10 நிமிடங்களில் தொடங்கினார். மாத்திரையை நிறுத்தவில்லை, நோய் பறந்துவிட்டது என்று பொய்யுரைக்கவும் மாட்டேன். ஆனால் 8 மாதங்களுக்குப் பின் ஒரு மஃரிப் வேளையில் நாற்காலியை ஒதுக்கிவைத்து, தரையில் நெற்றி பதித்து ஸஜ்தா செய்தார். எவர் கையையும் பற்றாமல் எழுந்தார். அல்ஹம்துலில்லாஹ். சிரித்தவர்கள் அந்த ஸஜ்தாவைப் பார்த்திருக்க வேண்டும்.

இனி, சிரிக்காதவர்களுக்கும் ஒரு சொல். "நல்லதுதானே, பெண்கள் வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்துகொள்ளட்டும்" என்று மகிழ்பவர்களே, உங்கள் மகிழ்ச்சிதான் எனக்கு அதிகம் அச்சமூட்டுகிறது. உம்மா அந்த அறையைத் தேர்ந்தெடுத்தது வேறிடம் இல்லாததால். ஃபஜ்ருக்குப் பின் தெருவில் நடந்தால் வெறிக்கும் கண்கள். திடலிலோ காலையும் மாலையும் பையன்களின் கிரிக்கெட். இந்நிலையில் ஒரு கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று கைகழுவுவது நியாயமா?

நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் உடன் வந்தோரை முன்னே செல்லப் பணித்துவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்த செய்தி முஸ்னத் அஹ்மதில் உள்ளது. முதல் முறை அன்னை வென்றார்கள். பின்னொரு முறை, உடல் பருத்திருந்தபோது தோற்றார்கள். பந்தயம் நடந்தது திறந்தவெளியில். அன்னையை அறைக்குள் இருக்கச் சொல்லவில்லை. ஆண்களே விலகி இடம் தந்தார்கள். கண்ணியம் காக்கும் முறை அது.

எனவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒன்று கேட்கிறேன். நிகழ்ச்சிகள் இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கும் திருமண மண்டபத்தை, காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்குத் திறந்துவிடுங்கள். சாவியை ஒரு பெண்ணிடம் கொடுங்கள். வேறெதுவும் செய்ய வேண்டாம். சற்று விலகி நில்லுங்கள், போதும்.

உடல் இறைவன் தந்த அமானத். அதைப் பேணும் நம் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் வல்ல அல்லாஹ் வலிமையையும், நமக்கு அவர்களுக்கு வழிவிடும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.