மீனுக்குக் கிடைத்த குடியுரிமை

வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகின்றது. இலங்கையில் மிகுதியாக மழை பெறும் ஊர்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் இங்குள்ள ஓடைகள் ட்ரவுட் மீனுக்கு ஏற்றவையல்ல; அது விரும்பும் குளிர் இந்த உயரத்தில் இல்லை. நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் நீந்தும் அந்த மீனைப்பற்றித் தோட்டப் பள்ளி ஆசிரியருக்கும் மாணவருக்கும் என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். கவலை உண்டு.

இம்மீன் இந்நாட்டு உயிரன்று. 1880-களில் வெள்ளைத் துரைமார் அதன் முட்டைகளைக் கடல் கடந்து கொணர்ந்தனர். பசி தீர்ப்பதற்காக அன்று. இறகையும் நூலையும் முள்ளில் கட்டிப் போலி ஈ ஒன்று செய்து, அதை நீர்மேல் வீசி, ஏமாந்து பாயும் மீனை இழுத்துப் பிடிக்கும் தம் தாய்நாட்டு விளையாட்டை இம்மலைகளிலும் ஆடுவதற்காக. முட்டை பொரிக்க நுவரெலியாவில் நிலையம் கண்டனர், குஞ்சுகளை ஓடைகளில் விட்டனர், கழகம் அமைத்தனர், தூண்டில் போட உரிமச்சீட்டு வேண்டுமென விதித்தனர்.

அதே நூற்றாண்டில், அதே துரைமாரின் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து மனிதரும் வந்தனர். மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பலர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோர் காடழித்துக் கோப்பி நட்டனர். கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை நட்டனர். மீன்குஞ்சுக்குக் கிடைத்த வரவேற்பு அவர்களுக்குக் கிடைத்ததா? லயத்தில் ஓர் அறை கிடைத்தது.

துரையாட்சி போயிற்று; சுதந்திரம் வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், கூடை மீனைப் பங்கு பிரிப்பது போல, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தது. 150,000 பேரின் கதியைப் பின்னர் பார்க்கலாமென ஒத்திவைத்தது. இங்கே எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அந்த 55 ஆண்டுகளில் ட்ரவுட் மீனிடம் எவரும் பிறப்புச் சான்றிதழ் கேட்டதில்லை. 1988இல் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா ஆனது. அங்குள்ள சிறு நன்னீர் இறாலுக்கு இம்மீனால் ஆபத்து என்று உயிரியல் அறிஞர் எச்சரித்துள்ளனர். வந்தேறி மீனின் வாழ்வுக்கோ குந்தகம் இல்லை.

மீன்மீது நமக்குப் பகையில்லை. தூண்டில் போடுவோரையும் பழிக்கவில்லை. ஓய்வும் விளையாட்டும் மனிதருக்கு வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் வேண்டும். சிலரின் பொழுதுபோக்குக்கு நீரும் விதியும் காவலும் தேடிக் கொடுத்துவிட்டு, மலையைத் தம் உழைப்பால் ஆக்கியோரைக் காத்திருக்கச் சொல்லும் நீதியையே பழிக்கின்றோம். 7 பேர்ச்சஸ் காணியும் உறுதிப் பத்திரமும் மேடைதோறும் வாக்களிக்கப்பட்டன. மிகப் பல குடும்பங்களுக்கு அவை இன்றும் எட்டவில்லை. தேர்தல் நீரில் வீசப்படும் இந்தப் போலி ஈக்கு நம் மக்கள் எத்தனை முறை பாய்ந்துவிட்டனர்!

ஆசிரியத் தோழர்கள் மலையக வரலாற்றில் இவ்விரு வருகைகளையும் ஒரே பாடத்தில் கற்பிக்க வேண்டும். உல்லாசப் பயணத்தின் பெயரால் நாளை எந்த நீர்த்தேக்கத்தில் மீன்குஞ்சு விடப்பட்டாலும், அதன் கரையிலுள்ள லயத்து மக்களுக்குக் காணி உறுதி எப்போது என்று மாணவ நண்பர்கள் அரசிடம் எழுதிக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை கேட்க வேண்டும்.