ஹேண்டில்பாரை உயர்த்தலாம்... பழைய கேபிள் எட்டுமா?

ஒரு மணி நேரம் பைக் ஓட்டினாலே முதுகும் மணிக்கட்டும் வலிக்கிறது என்பவர்கள் அடுத்துத் தேடுவது, உயரமான ஹேண்டில்பார். ஆறடி உயரக்காரர்களுக்கு இது உண்மையிலேயே நிம்மதி தரும் மாற்றம்தான். பல பைக்குகளில் நாலு போல்ட்டைக் கழற்றினால் பார் கையோடு வந்துவிடும். சிக்கல், அதில் தொங்கும் கேபிள்களில்தான்.

கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், டிஸ்க் பிரேக் ஹோஸ், ஸ்விட்ச் ஒயர்கள் எல்லாமே கம்பெனி பாரின் உயரத்துக்கு அளவெடுத்தவை. கொஞ்சம்தான் தொய்வு இருக்கும். வண்டி நேராக நிற்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். யு-டர்ன் எடுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். பாரை முழுதாகத் திருப்பியதும் கேபிள் இழுபட்டு, நீங்கள் முறுக்காமலேயே இன்ஜின் ரேஸ் ஆகும். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிளட்ச் கேபிள் விறைத்தால் கிளட்ச் ஸ்லிப் ஆகி, பிளேட் சீக்கிரம் தேயும்.

அதனால் பார் வாங்கும் முன்பே ஒரு நூலை எடுங்கள். லீவரிலிருந்து கேபிள் போகிற வழியிலேயே நூலை ஓட்டி அளந்துகொள்ளுங்கள். புது பார் எவ்வளவு உயரம் என்பதோடு, எவ்வளவு பின்னால் வளைந்து வருகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

ஒன்றிரண்டு அங்குலம்தான் உயர்த்துகிறீர்கள் என்றால், பல வண்டிகளில் பழைய கேபிளையே வைத்துச் சமாளிக்கலாம். டேங்கைக் கழற்றி, கேபிள் டைகளை வெட்டி, சுற்றிப் போகும் கேபிளை நேர்வழியில் விட்டாலே கொஞ்சம் நீளம் மிச்சமாகும். ஆனால் சைலன்சர் பைப் பக்கம் போகக் கூடாது. பார் திரும்பும்போது ஃபோர்க்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் நசுங்கக் கூடாது. கூர்மையாக மடங்கினால் உள்கம்பி இறுகும்.

மாட்டிய பிறகு வண்டியை நியூட்ரலில், ஐடிலிங்கில் விட்டு, பாரை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் துளி ஏறினாலும் அந்த அமைப்பு சரியில்லை. அட்ஜஸ்டரைத் திருகி மறைக்கப் பார்க்காதீர்கள். லீவரில் ஃப்ரீ ப்ளே எல்லா நிலையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டிலேயே இருக்கும்.

பிரேக் ஹோஸ் விஷயத்தில் மட்டும் 'சமாளிக்கலாம்' என்ற பேச்சே வேண்டாம். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க் முழுதாக நீண்ட நிலையில் பாரை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஹோஸ் விறைத்தால் நீளமானதுதான் போட வேண்டும்; போட்டபின் காற்றை நீக்கி பிளீடிங் செய்வதும் கட்டாயம்.

ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 இரண்டுக்கும் ஒரே இன்ஜின். ஆனால் பார் உயரமும் தாழ்வுமாக வேறு வேறு. உங்கள் பைக்குக்கும் இப்படி ஒரு அண்ணன் தம்பி மாடல் இருந்தால், அதன் கேபிள் பொருந்துமா என்று ஸ்பேர்ஸ் கடையில் பார்ட் நம்பரை ஒப்பிட்டுக் கேளுங்கள். அளவு சொல்லிச் செய்து வாங்குவதைவிட இது சுலபம்.

ஸ்விட்ச் பெட்டியின் உள்ளே சின்ன ஆணி போல ஒன்று துருத்தியிருந்தால், புது பாரில் அதற்கு ஓட்டை இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். சிலர் அந்த ஆணியையே வெட்டிவிடுகிறார்கள். அப்புறம் ஹார்ன் அடிக்கப் போனால் பெட்டியே சுற்றும்!