அது பாட்டுக்கு அடிக்கிறது

போன மாதம் தில்லைநகரில் நண்பன் வீட்டு மொட்டைமாடி அறை. மடிக்கணினியில் ஏபிள்டன் லைவ் திறந்திருந்தது, பக்கத்திலேயே ஏஐ அரட்டைப் பெட்டி. "இப்பப் பாரு" என்று சொல்லிவிட்டு, "மூணாவது டிராக்ல முதல் கிளிப்பை ஓட்டு" என்று தமிழிலேயே தட்டினான். கிளிப் ஓடிக்கொண்டிருக்கிறது என்று இரண்டு நொடியில் பதில் வந்தது. திரையில் பச்சை முக்கோணம் எரிந்தது. அறையில் சத்தமே இல்லை. ஸ்பீக்கர் ஒயரைச் செருக மறந்திருந்தான்.

"நல்லா கேக்குதா?" என்று அதனிடமே கேட்டான். நன்றாக ஒலிக்கிறது என்றது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கான காரணம் பதினைந்து வருஷப் பழசு.

முதலில் இது எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற ஏற்பாட்டை வெளியிட்டது. மொழி மாதிரியை வெளி மென்பொருள்களோடு இணைக்கிற ஒரு பொதுவான பிளக் பாயின்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களிலேயே ஆர்வலர்கள் அதை ஏபிள்டனில் மாட்டிவிட்டார்கள். நாம் சொல்வது 'டிராக் 2, கிளிப் 0, ஓட்டு' என்று சின்னக் கட்டளையாகப் போகிறது (கணினிக்கு எண்ணிக்கை பூஜ்யத்தில் ஆரம்பம்). ஏபிள்டன் உடனே ஓட்டாது. வழக்கமான அமைப்பில், அடுத்த பார் பிறக்கும்வரை காத்திருந்து தாளம் பிசகாமல் உள்ளே விடும். 'சரி' என்று ஒரு வரி திரும்பி வரும். போவதும் எழுத்து, வருவதும் எழுத்து. இந்தப் பாதையில் ஒலி எங்கேயுமே பயணிப்பதில்லை. ஓட்டச் சொன்னவருக்குக் காது கிடையாது.

கணினி தாளத்துக்குக் காத்திருக்கிறது, சரி. நம் ஊரில் வாசிக்கிறவர் எதற்குக் காத்திருக்கிறார்?

ஸ்ரீரங்கத்தில் ஒரு புறப்பாட்டைப் பார்த்திருப்பீர்கள். மல்லாரி தொடங்குகிறது. நாகஸ்வரக்காரரின் கண் ஸ்ரீபாதம்தாங்கிகள் மேல் இருக்கும். தோள் மாற்றினால், கூட்டம் மறித்தால், யாரோ ஒரு பாட்டி குறுக்கே விழுந்து சேவித்தால், வாசிப்பு நீளும், சுருங்கும். ஷேக் சின்ன மௌலானா ஆந்திரத்தின் கரவடியில் 1924-இல் பிறந்தவர். அரங்கன் மேல் கொண்ட பற்றால் ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்தவர். 1998-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். அவர் வாசித்த ஒரு ஆலாபனையை இன்று கிளிப்பாக வெட்டி எந்தப் பாரிலும் ஓட்டலாம். அந்தப் பதிவு பொக்கிஷம், மறுக்கவில்லை. ஆனால் அது எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதை, வாசித்த அன்று, எதிரில் இருந்தவர்களைப் பார்த்து அவர் முடிவு செய்தார். கிளிப்புக்குள் அந்த முடிவு உறைந்து கிடக்கிறது. எதிரில் இப்போது யார் என்று அதற்குத் தெரியாது.

இனி அந்தப் பழைய காரணம். உறையூர்ப் பக்கம் ஒரு சின்ன அம்மன் கோயில். செவ்வாய், வெள்ளிகளில் ஒரு பெரியவர் தவிலோடு வருவார். யாரோ உபயமாக மின்சார மேளம் வாங்கித் தந்தார்கள். முரசு, சேகண்டி, மணி எல்லாம் ஒரே மோட்டாரில். நான் அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். தினமும் சுவிட்ச் போடுவது பூசாரிக்குத் தொந்தரவாக இருக்கிறதே என்று, சரியாக ஆறரைக்கு ஓடும்படி ஒரு டைமர் மாட்டிக் கொடுத்தேன். எனக்குச் சால்வைகூடப் போட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறரைக்கு மேளம் முழங்கியது. உள்ளே அலங்காரம் முடியவில்லை. பெரியவர் தவிலை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்தார். "தம்பி, திரையே இன்னும் திறக்கலியே, அது பாட்டுக்கு அடிக்குதே?"

நான் டைமரை ஐந்து நிமிஷம் தள்ளி வைத்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த பதில். ஒரு மாதத்தில் அவர் வருவது நின்றுபோனது.

'ஏஐ இசையைக் கொன்றுவிட்டது' என்று இப்போது ராத்திரி முழுக்கப் புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. உங்கள் தெருக்கோயிலில் அந்த மோட்டார் எத்தனை வருஷமாக ஓடுகிறது? அதன் முன்னால் கைகூப்பி நின்றீர்களே, மேளக்காரர் எங்கே என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? நானும் கேட்கவில்லை. வருமானம் இல்லாத கோயில், தினம் இரண்டு வேளைக்கு ஆள் வைக்க முடியாது என்பார்கள். உண்மைதான். அப்படியானால் பூசாரி கையால் ஒரு மணி அடிக்கட்டும். காசு இல்லாதது குற்றமில்லை. ஆள் இல்லாததைச் சத்தம் போட்டு மறைப்பதுதான் குற்றம்.

கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுருதிப்பெட்டி வந்தபோது பாடகர் வீட்டுக்குப் போய்விடவில்லை. அது அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது, எப்போது நிறுத்துவது என்பது அவர் கையில் இருந்தது. மின்சார மேளம் அவருடைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. இந்த ஏஐ கருவியும் இரண்டில் எதுவாகவும் ஆகலாம். இரண்டு கையும் தவிலில் இருக்கிறவர் வாயால் "அடுத்ததை விடு" என்று சொல்லிக் கிளிப்பை ஓட்ட முடிந்தால் அது பெரிய உதவி. விரல் ஒத்துழைக்காதவருக்கு இன்னும் பெரிய உதவி. கட்டளை இடுகிறவர் அதே அறையில், காதோடு இருக்க வேண்டும். இதை எழுதுகிற என் சக இன்ஜினியர்களுக்கும் ஒரு வார்த்தை: 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்று அதைச் சொல்ல விடாதீர்கள். 'கட்டளை போய்விட்டது, கேட்கிறதா என்று நீங்கள் சொல்லுங்கள்' என்று சொல்ல வையுங்கள். பொய் இல்லாத வாக்கியம் அதுதான்.

நண்பன் ஒயரைச் செருகினான். சத்தம் வந்தது, நன்றாகவே இருந்தது. "டேய், நவராத்திரிக்கு அந்த அம்மன் கோயில்ல இதை வச்சிரலாமா? பூசாரி போன்ல சொன்னாப் போதும்" என்றான்.

"வைக்கலாம். முதல்ல நான் மாட்டின டைமரைக் கழட்டணும். அப்புறம் ஒரு தவில்காரரைத் தேடணும். அவர் சொன்னா மட்டும்தான் இது ஓடணும்" என்றேன்.

"அப்ப செலவு?"

"ஒன்பது நாளைக்கு எவ்வளவு ஆகும்னு போய்க் கேப்போம். நாம ரெண்டு பேரும் சம்பளம் வாங்குறோம்ல?"

அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்க்ரூ டிரைவரோடு நான் உறையூர் போகிறேன்.