ஒலிவாங்கியும் இரவற் குரலும்

வலையொலி தொடங்க விழையும் இளைஞர்க்கு வழங்கப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் ஒலிவாங்கியின் விலையிலேயே தொடங்குகின்றன. இது வணிகரின் அறிவுரை. 2004 இல் 'பொட்காஸ்ற்' எனப் பெயர்பெற்ற இவ்வடிவத்திற்குத் தொடக்கத்தில் ஒரு கைத்தொலைபேசியும், எதிரொலியை அடக்கத் துணிமணி நிறைந்த ஓர் அறையுமே போதும். போதாதிருப்பது மொழித் துணிவே. 'லண்டன் கந்தையா', 'விதானையார் வீட்டில்' ஆகிய தொடர் நாடகங்கள் அரச வானொலியிலேயே யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை ஒலிக்கச் செய்தன. எந்த நிலையத்தின் அனுமதியும் வேண்டாத இன்றைய இளைஞரோ சென்னைத் தொகுப்பாளரின் தொனியை இரவல் வாங்குகின்றனர். கேட்போர் தொகை பெருகும் என்பது அவர்தம் வாதம். பெருகலாம்; மட்டக்களப்புக் கதையை மட்டக்களப்புத் தமிழிற் கேட்க விரும்புவோன் எங்கே போவான்? முதற் பத்துப் பகுதிகளையேனும் அவர்கள் தத்தம் அம்மம்மாவுடன் பேசும் தமிழிற் பதியட்டும். ஒலிவாங்கியைப் பின்னர் வாங்கலாம்.